வேலூர் லாட்ஜுக்கு எந்த நெட்வொர்க்: ஒரே பெட்டியா, இரண்டு ரவுட்டரா, வி-லேனா, தனித்தனி இணைப்பா?

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, தோட்டப்பாளையம் பக்கம் லாட்ஜ் நடத்துகிறவர்களும், சமையலறையோடு மாத வாடகைக்கு அறை விடுகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நெட் ஸ்பீடு எத்தனை எம்பிபிஎஸ் போட்டா போதும்?" பதில் சுலபம். இருபது அறைக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. ரிசப்ஷன் கம்ப்யூட்டர் இருக்கும் அதே நெட்வொர்க்கில்தான் அறையில் தங்கியிருப்பவரின் போனும் இருக்கிறதா?

ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தங்க வந்த எல்லோருடைய ஆதார் நகல். வங்கதேசத்திலிருந்து வரும் நோயாளி என்றால் பாஸ்போர்ட், விசா பக்கம். வெளிநாட்டவர் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரப் படிவத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்பதால் ஸ்கேன் செய்த கோப்புகள் அதே ஃபோல்டரில் கிடக்கும். பில் கணக்கு, ஓனரின் மெயில், சில இடங்களில் நெட் பேங்கிங்கும் அதில்தான். பக்கத்திலேயே கேமரா ரெக்கார்டரான டிவிஆர். அதே பெட்டியில்தான் "பாஸ்வேர்டு இன்னாண்ணா?" என்று கவுன்டரில் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற எல்லோருடைய போனும், லேப்டாப்பும்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கி, நாள் கணக்கில் எல்லாம் கையெழுத்துச் சீட்டில் நடந்தது நினைவிருக்கலாம். நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததுதான் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அதுதான் ஓட்டை. நம் லாட்ஜில் பிரிப்பு என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை.

## ஒரே நெட்வொர்க் என்றால் என்ன

ரவுட்டர் தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கும். 192.168.1.2, 192.168.1.3 என்று போகும். வீட்டு ரவுட்டர்களில் வழக்கமாக இருக்கும் அமைப்பில், முதல் மூன்று எண்களும் ஒன்றாக உள்ள கருவிகள் எல்லாம் ஒரே நெட்வொர்க். அவை ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும். நடுவில் தடுத்து நிறுத்துகிற ஃபயர்வால் கிடையாது. ரவுட்டரில் ஃபயர்வால் இருக்கிறதே என்பார்கள். அது தெருவிலிருந்து வருவதைத்தான் தடுக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அது ஒரே தாழ்வாரத்தில் தாழ்ப்பாள் இல்லாத அறைகள் மாதிரிதான்.

தங்க வருகிறவர் திருடராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய லேப்டாப்பில் அவருக்கே தெரியாமல் ஒரு வைரஸ் இருந்தால் போதும், அது பக்கத்து முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க கேமராக்களையும், டிவிஆர்களையும், ரவுட்டர்களையும் பிடித்தது பெரிய வித்தை எதுவும் செய்து அல்ல. கம்பெனி போட்டு அனுப்பிய, யாரும் மாற்றாத 60-சொச்சம் யூசர்நேம் பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்தக் கருவிகளை வைத்து அதே ஆண்டு அக்டோபரில் அடித்த அடியில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. இன்றைக்கும் நான் போகிற இடங்களில் டிவிஆர் பாஸ்வேர்டு 'அட்மின்' அல்லது லாட்ஜின் லேண்ட்லைன் நம்பர்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் பிரிப்பு. அறையில் இருப்பவர் ஆபீஸ் கருவிகளைத் தொட முடியுமா, முடியாதா. பாதி என்று ஒன்று இல்லை.

இரண்டாவது, பழுதானால் யார் பார்ப்பது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு நெட் போனால் அங்கே இருக்கப்போவது மேனேஜரும் ரூம் பாயும்தான். அவர்களால் ஸ்விட்சை அணைத்துப் போட்டுச் சரிசெய்ய முடிகிற அமைப்பா, போட்டவரே வந்தால்தான் ஆகும் என்கிற அமைப்பா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அறைக்குள் சிக்னல். பழைய கட்டடச் சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் சரியாகத் தாண்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. காந்தி ரோட்டில் நின்று போனைத் திறந்தால் எத்தனை வை-ஃபை பெயர் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்; எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் முட்டிக்கொள்கின்றன. வேகமான பிளான் வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது. வயர் இழுத்து மாடிக்கு மாடி ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது வை-ஃபையைப் பரப்பும் பெட்டி, வைத்தால்தான் தீரும்.

நான்காவது, யார் எப்போது பயன்படுத்தினார் என்ற பதிவு. நாற்பது அறைக்காரர்களும் வெளியுலகுக்கு உங்கள் ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள். உள்ளே இருக்கும் 192.168 எண்கள் வெளியே போவதில்லை, ரவுட்டர் மாற்றித்தான் அனுப்பும். ஏதாவது வழக்கு என்றால் தடம் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மின்னஞ்சல் நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பில்லாத வை-ஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது; போலீஸ் முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான். அடுத்த ஆண்டே தொலைத்தொடர்புத் துறை வை-ஃபை பாதுகாப்பு பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

கடைசியாகப் பணம். பெட்டி விலையை மட்டும் பார்க்காதீர்கள். வயர் இழுக்கிற கூலி, யுபிஎஸ், இரண்டாவது பில், ஆள் வந்து போகிற சார்ஜ் எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

| | ஒரே பெட்டி | இரண்டு, மூன்று ரவுட்டர் | வி-லேன் | தனித்தனி இணைப்பு |
|---|---|---|---|---|
| பிரிப்பு | பெட்டியைப் பொறுத்தது. சோதிக்காமல் நம்பக் கூடாது | வரிசை சரியாக இருந்தால் உண்டு | முழுமை, விதி எழுதினால் | முழுமை |
| தொடக்கச் செலவு | கிட்டத்தட்ட இல்லை | ரவுட்டருக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் | 30,000 ரூபாய்க்கு மேல் | ஒரு ரவுட்டர், ஒரு இன்ஸ்டலேஷன் |
| மாதச் செலவு | ஒரு பில் | ஒரு பில் | ஒரு பில், பராமரிப்பு ஆள் | இரண்டு பில் |
| ராத்திரி பழுது | மேனேஜரே பார்க்கலாம் | பெரும்பாலும் பார்க்கலாம் | தெரிந்தவர் வேண்டும் | மேனேஜரே பார்க்கலாம் |
| பயன்பாட்டுப் பதிவு | இல்லை என்றே வையுங்கள் | சொற்பம் | வவுச்சர், அறை எண்ணோடு | ரவுட்டரைப் பொறுத்தது |

விலைகள் ஏறத்தாழ. கடைக்குக் கடை மாறும்; 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஒரே பெட்டி: நெட்காரர் கொடுத்ததே போதும் என்றால்

ஃபைபர் இழுக்கும்போது நிறுவனமே ஒரு பெட்டி மாட்டிவிட்டுப் போகும். வெளிச்சத்தை சிக்னலாக மாற்றுவது, ரவுட்டர், வை-ஃபை எல்லாம் அந்த ஒன்றுக்குள்ளேயே. அதில் 'கெஸ்ட் வை-ஃபை' என்று ஒரு வசதி இருக்கலாம். ஆன் செய்தால் இன்னொரு பெயரில் வை-ஃபை வரும்.

இங்கேதான் ஏமாறுவது. சில பெட்டிகளில் கெஸ்ட் என்பது உண்மையிலேயே தனி நெட்வொர்க். சிலவற்றில் அது வெறும் இரண்டாவது பெயர். உள்ளே போனால் அதே 192.168.1 வரிசைதான். பெட்டியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு ஐந்து நிமிடம் போதும். டிவிஆரின் முகவரியை மானிட்டரில் நெட்வொர்க் செட்டிங்கில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், உதாரணத்துக்கு 192.168.1.50. உங்கள் போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, கெஸ்ட் வை-ஃபையில் சேர்ந்து, பிரவுசரில் அந்த எண்ணை அடியுங்கள். கேமராவின் லாகின் பக்கம் வந்தால் பிரிப்பு இல்லை. வராவிட்டால் பிரிண்டரின் முகவரியையும் அடித்துப் பாருங்கள். நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளைப் பட்டியல் போடுகிற ஃபிங் மாதிரி ஒரு ஆப் போட்டுத் தேடினால் இன்னும் தெளிவு: ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் பெயர் அந்தப் பட்டியலில் வரவே கூடாது.

சோதனையில் தேறினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தப் பெட்டியை நிறுவனம் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்த முடியும். சாஃப்ட்வேர் மாற்றும்போதும், பழுது என்று பெட்டியையே மாற்றும்போதும் நீங்கள் போட்ட செட்டிங் எல்லாம் காற்றோடு போகலாம். மாற்ற வருகிற பையனுக்கு நெட் வந்தால் வேலை முடிந்தது. உங்கள் கெஸ்ட் பிரிப்பு அவர் கவலை இல்லை. பெட்டி மாறிய ஒவ்வொரு முறையும் மேலே சொன்ன சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அதோடு இது நாற்பது, ஐம்பது போனைத் தாங்குகிற சாதனம் அல்ல. ஆறு அறை வரை, அதுவும் ஒரே மாடி என்றால் ஓடும். வீட்டு மாடியில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவருக்கும், பாகாயம் பக்கம் நாலு பேருக்கு அறை விட்டிருப்பவருக்கும் இதற்கு மேல் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

## இரண்டு ரவுட்டர்: மலிவு, ஆனால் வரிசை மாறினால் வீண்

நம் ஊரில் அதிகம் பார்ப்பது இதுதான். பழைய பெட்டி இருக்கிறது. கடைக்குப் போய் இன்னொரு ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் சொருகி, "இது கஸ்டமருக்கு, அது நமக்கு" என்று வைத்துவிடுவார்கள். பெயர் வேறு, பாஸ்வேர்டு வேறு. பிரித்தாயிற்று என்று நினைப்பு.

பிரியவில்லை. தலைகீழாகப் பிரிந்திருக்கிறது. பார்ப்போம்.

நிறுவனத்தின் பெட்டி 192.168.1.1. ஆபீஸ் கம்ப்யூட்டரும் டிவிஆரும் அதில், 192.168.1 வரிசையில். புதிய ரவுட்டர் அதன் பின்னால், அறைக்காரர்களுக்கு 192.168.0 வரிசை. இப்போது அறையில் இருப்பவர் 192.168.1.50 என்று அடிக்கிறார். புதிய ரவுட்டர் பார்க்கிறது: இது என் வீட்டு எண் இல்லை, வெளியே அனுப்பு. அதற்கு 'வெளியே' என்பது எது? உங்கள் ஆபீஸ் நெட்வொர்க். நேராகப் போய் டிவிஆரின் கதவைத் தட்டும், டிவிஆரும் பதில் சொல்லும். ஆபீஸிலிருந்து அறைக்காரரின் போனைத்தான் பார்க்க முடியாது. பாதுகாக்க வேண்டியதைத் திறந்து வைத்து, திறந்திருக்க வேண்டியதைப் பூட்டியிருக்கிறோம்.

சரியான வரிசை இதற்கு நேர் எதிர். அறைக்காரர்கள் வெளிப்பெட்டியில்; ஆபீஸ் உள்ளே, புதிய ரவுட்டருக்குப் பின்னால். வெளியிலிருந்து யாரும் கேட்காமல் வருவதை உள் ரவுட்டர் தானாகவே தள்ளிவிடும். கையில் இருக்கும் அதே இரண்டு பெட்டியில் யார் எதில் சேர்கிறார்கள் என்பதை மாற்றினால் போதும், காசு செலவில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இன்று சாயந்திரமே செய்துவிடக்கூடிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

இதிலும் ஒரு மிச்சம் இருக்கிறது. ஆபீஸின் போக்குவரத்து அறைக்காரர்களின் நெட்வொர்க் வழியாகத்தான் வெளியே போகிறது. விஷயம் தெரிந்த ஒருவர் "நான்தான் ரவுட்டர்" என்று பொய் சொல்லி நடுவில் உட்கார முடியும். வங்கித் தளமும் மெயிலும் பூட்டிய நிலையில்தான் போகும் என்பதால் உள்ளடக்கம் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். இது உறுத்தினால் மூன்றாவது ரவுட்டர் ஒன்று வாங்குங்கள். நிறுவனப் பெட்டியின் வை-ஃபையை அணைத்துவிட்டு, அதில் இரண்டே வயர்: ஒன்று ஆபீஸ் ரவுட்டருக்கு, ஒன்று அறை ரவுட்டருக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது. மொத்தம் ஆறாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்தமானது. மேனேஜருக்கும் புரியும்: இந்தப் பெட்டி போனால் அறைக்கு நெட் இல்லை, அந்தப் பெட்டி போனால் நமக்கு இல்லை.

மறைமுகச் செலவுகள் சிறியவைதான், ஆனால் எரிச்சல் தருபவை. ரவுட்டரின் பின்னால் ஒரு ஓட்டை மட்டும் தனி நிறத்தில், 'வான்' (WAN) என்று எழுதியிருக்கும். மேலேயிருந்து வரும் வயர் அதில்தான் இருக்க வேண்டும். தூசி துடைக்கும்போது வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகிவிட்டால் பிரிப்பு சத்தமில்லாமல் போய்விடும். அதோடு முகவரி கொடுக்கிற ஆள் இரண்டாகிவிடுவார்கள். சில போனுக்கு நெட் வரும், சிலதுக்கு வராது. நாள் முழுக்க நெட் கம்பெனிக்கு போன் போட்டுத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த வயரின் தலையில் ஒரு சிவப்பு டேப் சுற்றி, பெட்டி மேல் மார்க்கரில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று முகவரித் தட்டுப்பாடு. வழக்கமான அமைப்பில் ஒரு ரவுட்டர் அதிகபட்சம் 250-சொச்சம் முகவரிதான் வைத்திருக்கும்; பலவற்றில் நூறோ நூற்றைம்பதோதான் திறந்துவிட்டிருப்பார்கள். ஒருவர் காலி செய்துவிட்டுப் போனாலும் அவர் போனுக்குக் கொடுத்த முகவரி பெரும்பாலும் 24 மணி நேரம் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அறைக்கு மூன்று பேர், ஆளுக்கொரு போன், தினம் ஆள் மாறுகிறது என்றால் சிக்னல் முழுசாக இருந்தும் "ஐபி கிடைக்கவில்லை" என்று நிற்கும். லீஸ் டைம் என்ற இடத்தில் 24 மணியை 4 மணியாகக் குறைத்தால் சரியாகிவிடும்.

பத்துப் பதினைந்து அறை, இரண்டு மாடி, சொந்தமாக நிர்வாகம் என்றால் இதைத் தாண்டிப் போகத் தேவையில்லை.

## வி-லேன்: சரியானவர் கையில் சிறந்தது

பெரிய லாட்ஜ், நாலைந்து மாடி, மாடிக்கு இரண்டு ஆக்சஸ் பாயின்ட் என்றால் ஆபீஸுக்கு ஒரு வயர், அறைக்கு ஒரு வயர் என்று இரட்டையாக இழுத்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே வி-லேன். ஒரே வயரில் பல நெட்வொர்க்குகள் போகும். வயரில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் தலையிலும் இது எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று ஒரு எண் ஒட்டப்பட்டிருக்கும். ஆபீஸுக்கு 10, கேமராவுக்கு 20, அறைகளுக்கு 30 என்று வைப்போம். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்த ஸ்விட்ச் (பல நெட்வொர்க் வயர்களைச் சேர்க்கும் பெட்டி), ரவுட்டர், ஆக்சஸ் பாயின்ட் மூன்றும் வேண்டும். ஒமாடா, யூனிஃபை, மைக்ரோடிக் என்றெல்லாம் கடையில் சொல்வது இந்த வகையைத்தான்.

இதன் நல்லது பல. கேமராக்களைத் தனியே அடைத்து, இணையத்தையே தொடாமல் வைக்கலாம். ஆக்சஸ் பாயின்டுக்கு கரன்ட் அந்த நெட்வொர்க் வயரிலேயே போகும், கூரையில் பிளக் பாயின்ட் தேவையில்லை. ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ஒரு யுபிஎஸ் வைத்தால் கரன்ட் கட்டிலும் எல்லா மாடியும் ஓடும். அறைக்காரர்கள் ஒருவர் போனை ஒருவர் பார்க்காதபடி ஒரு டிக் போட்டால் போதும்.

நம் ஊருக்கு இதில் பெரிய உதவி வவுச்சர், அதாவது வை-ஃபையைத் திறக்கும் எண் போட்ட சீட்டுதான். போனுக்கு ஓடிபி அனுப்பித் திறக்கிற முறை இந்திய எண் வைத்திருப்பவருக்குச் சரி. டாக்காவிலிருந்து நேற்று வந்திறங்கி இன்னும் சிம் வாங்காதவருக்கு ஓடிபி எங்கே போய்ச் சேரும்? அறை எண் போட்டு ஏழு நாள் செல்லுகிற வவுச்சரை ரிசப்ஷனில் அச்சிட்டுக் கொடுத்தால் அவருக்கும் வேலை ஆகிறது, உங்களுக்கும் யார் என்ற பதிவு மிஞ்சுகிறது.

இப்போது கசப்பான பக்கம். முதலாவது, வி-லேன் உருவாக்கியவுடனேயே தடுப்பு வந்துவிடாது. பல ரவுட்டர்களில் 30-லிருந்து 10-க்குப் போக வழி இயல்பாகவே திறந்துதான் இருக்கும். "30-லிருந்து 10-க்கும் 20-க்கும் போகாதே" என்று தனியாக விதி எழுத வேண்டும். எழுதாமல் விட்டுப் போன இடங்களைப் பார்த்திருக்கிறேன்: எண்கள் அழகாகப் பிரிந்திருக்கும், போனில் டிவிஆர் பக்கம் ஜம்மென்று திறக்கும். முப்பதாயிரம் ரூபாய் செலவில் முன்பிருந்த அதே நிலை.

இரண்டாவது, ஆள். போட்டவர் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலை மாறிப் போய்விட்டால், சின்ன மாற்றத்துக்கும் எல்லாவற்றையும் ரீசெட் செய்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்குப் போட வேண்டும். மூன்றாவது, அப்டேட். மைக்ரோடிக் ரவுட்டரில் 2018-ல் ஒரு ஓட்டை தெரிந்து, கம்பெனி உடனே சரிசெய்து வெளியிட்டது. அப்டேட் போடாமல் விட்ட லட்சக்கணக்கான ரவுட்டர்கள் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் மாட்டின. நல்ல பெட்டியை வாங்கிக் கவனிக்காமல் விடுவதைவிட சாதாரணப் பெட்டியை ஒழுங்காக வைத்திருப்பது மேல்.

வேலூர் வெயிலையும் சொல்ல வேண்டும். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றின் விவரத்தாளில் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே நிழலிலேயே அது தாண்டும். மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் ஸ்விட்சை வைத்துவிட்டு "மத்தியானம் மட்டும் நெட் போகுது" என்றால் என்ன செய்ய? படிக்கட்டுக்குக் கீழே, காற்று வருகிற இடத்தில் வையுங்கள். இரண்டு கட்டடத்துக்கு நடுவே போவது ஃபைபராக இருக்கட்டும். செம்பு வயர் என்றால் ஒரு இடிக்கு இரண்டு பக்கமும் போகும்.

இருபத்தைந்து அறைக்கு மேல், அல்லது லாட்ஜோடு லேப், கிளினிக் ஏதாவது சேர்ந்திருந்தால் வி-லேன்தான். அதற்குக் கீழே என்றால், விற்பவர் சொல்கிறார் என்பதற்காக வாங்காதீர்கள்.

## தனித்தனி இணைப்பு: அறிவே தேவைப்படாத பாதுகாப்பு

ஆபீஸுக்கு பிஎஸ்என்எல் ஃபைபர், அறைகளுக்கு உள்ளூர் கேபிள்காரரின் நெட், அல்லது மாற்றி. இரண்டுக்கும் நடுவில் வயரே இல்லை என்பதால் தவறாகப் போக வழியில்லை. செட்டிங் அழிந்தாலும், பெட்டி மாறினாலும், யார் வந்து எதைச் சொருகினாலும் பிரிப்பு அப்படியே இருக்கும், அந்த இரண்டையும் யாராவது ஒரு வயர் போட்டு இணைக்காத வரை. "எனக்கு இதெல்லாம் புரியாது, புரிந்துகொள்ள நேரமும் இல்லை" என்கிற ஓனருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது பில் பெரிய தொகை இல்லை. ஆபீஸுக்கு இருப்பதிலேயே சிறிய பிளான் போதும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்பது கூடுதல் லாபம், ஆனால் அதை முழுசாக நம்ப வேண்டாம். இரண்டு கம்பெனி ஃபைபரும் பெரும்பாலும் ஒரே மின்கம்பத்தில்தான் தொங்கிக்கொண்டு வரும். கால்வாய்க்குத் தோண்ட வந்த ஜேசிபி எது யாருடையது என்று பார்ப்பதில்லை. உண்மையான மாற்று வேண்டுமானால் இரண்டாவது இணைப்பு செல்போன் டவர் வழியாக வருகிறதாக, 5ஜி ஏர்ஃபைபர் மாதிரி ஒன்றாக இருக்கட்டும்.

இதன் குறை: அறைப்பக்கம் சிக்னலும் பதிவும் தானாக வந்துவிடாது. அதற்குத் தனியாகச் செலவு செய்தே ஆக வேண்டும்.

## வை-ஃபையே கொடுக்காமல் விட்டால்?

இதையும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். எல்லோரிடமும் தினம் ஒன்றரை ஜிபி இருக்கிறதே. ஆனால் கீழ்த்தள அறைகளில் டவர் கிடைக்காது. ஆபரேஷனுக்காக மாதக்கணக்கில் தங்குகிற குடும்பம் ஊரில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ காலில்தான் இருக்கும். கொடுக்காவிட்டால் பக்கத்து லாட்ஜுக்குப் போவார்கள். அரசின் பிஎம்-வாணி திட்டத்தில் 2020 முதல் லைசென்ஸ் இல்லாமலே கடைக்காரரும் பொது வை-ஃபை கொடுக்கலாம். பயனர் பதிவை அந்த அமைப்பே பார்த்துக்கொள்ளும். டீக்கடைக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் நல்ல யோசனை. லாட்ஜில் ஒரு நோயாளியின் உறவினரை ஆப் இறக்கச் சொல்லி, ஓடிபி போடச் சொல்லி நிற்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

## எதை எடுத்தாலும் விடக்கூடாதவை

ரவுட்டர், டிவிஆர் இரண்டின் அட்மின் பாஸ்வேர்டையும் முதல் நாளே மாற்றுங்கள். வை-ஃபை பாஸ்வேர்டு வேறு, அட்மின் பாஸ்வேர்டு வேறு. முன்னது சுவரில் ஒட்டியிருக்கும், பின்னது ஓனரின் நோட்டில் மட்டும். பாஸ்வேர்டு அடிக்காமலே வை-ஃபையில் சேர வைக்கும் டபிள்யூபிஎஸ் என்ற பட்டன் வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் நம்பரை மணிக்கணக்கில் உடைத்துவிடலாம் என்பது 2011-லேயே தெரிந்துவிட்டது. கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வாசல், திறந்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யுபிஎன்பி என்ற வசதி ஆனில் இருந்தால் டிவிஆர் உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும், அதையும் அணைக்க வேண்டும். வை-ஃபையின் பூட்டு முறையில் டபிள்யூபிஏ2-வுக்குக் கீழே எதுவும் கூடாது. பாஸ்வேர்டே இல்லாத வை-ஃபை கூடவே கூடாது.

வயர் வாங்கும்போது கேட்-6 என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் பாதி விலைக்குக் கிடைக்கும். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம். வயரிலேயே கரன்ட் போகிற ஆக்சஸ் பாயின்டுக்கு அதைப் போட்டால் சூடாகும், கடைசி மாடிக்குப் போவதற்குள் வோல்டேஜ் விழுந்து ஆக்சஸ் பாயின்ட் அணைந்து அணைந்து எரியும். சுவருக்குள் புதைத்த பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு.

வேலை முடித்தவருக்குப் பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன் மூன்று வேலை. எல்லா பாஸ்வேர்டையும், எந்த வயர் எங்கே போகிறது என்ற படத்தையும் காகிதத்தில் வாங்குங்கள். செட்டிங்கின் பேக்கப் கோப்பை ஒரு பென்டிரைவில் போடச் சொல்லுங்கள். பிறகு அவரை எதிரில் வைத்துக்கொண்டே, மேல்மாடி அறை ஒன்றிலிருந்து உங்கள் போனில் டிவிஆர் முகவரியை அடித்துப் பாருங்கள். அவர் கிளம்பிய பிறகு அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்றிவிடுங்கள். அதில் அவர் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.